மூன்று ஜிபியின் அழகு

கொழும்புத்துறையில் கடனீரேரிக் காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. யன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் சிவந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். அதே காற்றில் கிடக்கும் பழைய திங்க்பாட் எக்ஸ்60 லப்டொப்பின் றாமை ஒருமுறை கழற்றிப் பாருங்கள். விளிம்பில் 200 பொன்முலாம் விரல்கள், மயிரிழை இடைவெளி விட்டு, மாசில்லாமல் ஒளிரும்.

லெனோவோ இந்த மாதிரியை 2006இல் வெளியிட்டது. றாம் செருக இரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி வைக்கலாம். நான்கு ஜிபியையும் நிரப்பினாலும் ஏறத்தாழ மூன்றுதான் பயனுக்கு வரும். மிச்சம் எங்கே போனது என்று தேடிப் போவதில்தான் இந்தப் பொறியின் பேரழகு திறக்கிறது. இதிலுள்ள இன்ரெல் 945 சிப்செற், முகவரிகளை 32 பிற்றில் எண்ணுகிறது. அப்படி எண்ணினால் 4 ஜிபியுடன் எண்ணிக்கை தீர்ந்துவிடும். அந்த நான்கின் மேற்பகுதியில் திரைக்கும் வலையமைப்புக்கும் ஒலிக்கும் முகவரிகள் ஒதுக்கியாயிற்று. அவை குடியிருக்கும் இடத்தில் றாமுக்கு வாசல் இல்லை.

அந்த மேற்பகுதியின் உச்சியை மட்டும் இன்னும் சற்று நேரம் பாருங்கள். மின்சாரம் வந்ததும் புரொசசர் தன் முதல் கட்டளையைத் தேடிப் போகும் இடம், 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைற் கீழே. 2 எம்பி மட்டுமே கொண்ட ஒரு சின்னஞ்சிறு பிளாஷ் சிப் அங்கே காத்திருக்கிறது. றாமுக்கு மறுக்கப்பட்ட அதே மேல்மாடத்தில்தான் கணினி கண் விழிக்கிறது! இந்தப் பொருத்தத்தை எண்ணி எண்ணி எனக்கு அலுக்கவேயில்லை.

அந்த 2 எம்பியில் ஆலையில் எழுதிய பயோஸுக்குப் பதிலாகக் கோர்பூட்டை வைக்கலாம். 1999இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் தேசிய ஆய்வுகூடத்தில் றொன் மினிச் லினக்ஸ்பயோஸ் என்ற பெயரில் தொடங்கிய திறந்த மூலப் பணி இது. 2008இல் கோர்பூட் ஆயிற்று. மூடிக் கிடந்த ஓர் அறைக்கு யன்னல் வைத்தவர்கள் என்றே இதை எழுதியவர்களைச் சொல்வேன். அந்த யன்னல் வழியே தெரிவதெல்லாம் நுட்பம்.

விழித்த கணத்தில் றாம் இன்னும் உயிர்பெறவில்லை. அதை உயிர்ப்பிக்கும் நிரலுக்கோ, குறித்துவைக்கக் கொஞ்சம் நினைவகம் வேண்டும். தொடக்க காலத்தில் எரிக் பீடர்மன் இதற்கென்றே றொம்சிசி என்ற கொம்பைலரை எழுதினார். அது புரொசசரின் பதிவகங்களை மட்டும் வைத்துக்கொண்டு முழு வேலையையும் முடித்துவிடும். எத்தனை கட்டுப்பாடான கலை! பிறகு புரொசசரின் கேஷையே தற்காலிக றாமாக வாங்கிக்கொள்ளும் வழி வந்தது.

அடுத்து நிரல், றாமில் ஓரமாய் ஒட்டியிருக்கும் சிறிய சிப் ஒன்றைப் படிக்கிறது. நான் யார், என் கொள்ளளவு என்ன, எந்த வேகம் தாங்குவேன் என்பதெல்லாம் அதில் 256 பைற்றில் அடங்கியிருக்கிறது.

மதர்போட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், றாமுக்கும் சிப்செற்றுக்கும் நடுவே சில செப்புக் கோடுகள் காரணமில்லாமல் நெளிவதுபோலத் தெரியும். கோயில் வீதி மூலையில் வாகனம் திரும்பும்போது, உள்வளைவில் தோள் கொடுப்பவர்கள் சிற்றடி வைத்து வெளிவளைவுக்காரருக்காகத் தாமதிப்பார்களே, அந்தத் தாமதம்தான் இது. குறுகிய கோடு நெளிந்து தன் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒன்றாய்ப் புறப்பட்ட சைகைகள் ஒன்றாய் வந்து சேர்கின்றன. அப்படியும் மிஞ்சும் நுண்ணிய காலவேறுபாட்டைக் கோர்பூட் தேடிப் பிடிக்கிறது. முதலில் பரும்படியாக, பிறகு நடுத்தரமாக, கடைசியில் மிக நுணுக்கமாக. கேட்கும் கணத்தை அது நகர்த்தி நகர்த்திப் பார்க்கும் அந்தக் கோப்பு எனக்கு மிக விருப்பமானது. அவசரமே இல்லாத எழுத்து.

எல்லாம் முடிந்தபின் எல்லை எழுதப்படுகிறது. இருக்கும் றாம் எவ்வளவு, சாதனங்களுக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவது எவ்வளவு. இரண்டில் சிறியதை எடுத்து சிப்செற்றின் ஒரு பதிவகத்தில் இடுகிறது நிரல். நமக்குக் கிடைக்கும் அந்த மூன்று ஜிபி, ஆள் பார்த்துப் படிக்கக்கூடிய சில வரிகளில் பிறக்கிறது.

எல்லா எல்லையும் இப்படி உறுதியானதல்ல. பின்னாளில் வந்த திங்க்பாட் எக்ஸ்220க்கு 8 ஜிபி என்று லெனோவோ அச்சிட்டிருந்தாலும் அது 16ஐ அமைதியாக ஏற்றுக்கொள்ளும். அந்தத் தலைமுறை இன்ரெல் சிப்களில் றாமின் வேகத்துக்கு உச்சவரம்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல கோர்பூட்டில் ஒரு தெரிவே உண்டு. எக்ஸ்60இன் எல்லையோ சிலிக்கனிலேயே வரைந்தது. கோர்பூட்டின் மூலநிரலில் ஐ945 என்ற கோப்புறையைத் திறந்தால் அதன் முழு வரலாற்றையும் யாரும் வாசிக்கலாம்.