குவார்த்தன் நிதானித்த இடம்

ஸ்வீடனின் பாத்தரி மெட்டல் குழுவின் ‘பிளட் ஃபயர் டெத்’ ஆல்பம் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் நேராகக் கடைசிப் பாடலுக்குப் போய்விடுகிறார்கள். பத்து நிமிடத்துக்கும் மேல் நீளுகிற பெயர்ப் பாடல். அதன் பெருமையில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் உயிர் இரண்டாவது பாடலில்தான் என்பது என் கட்சி. ‘எ ஃபைன் டே டு டை’. அதிலும் அது தொடங்கும் விதம்.

முன்னுரையான ‘ஓடன்ஸ் ரைடு ஓவர் நோர்ட்லண்ட்’ காற்றும் குதிரைக் கனைப்புமாகக் கடந்துபோன பிறகு அக்கூஸ்டிக் கிதார் ஒன்று தனியே வருகிறது. அவசரமே இல்லை. அதன்மேல் பாத்தரியின் பாடகர் குவார்த்தனின் குரல், கிட்டத்தட்ட முணுமுணுப்பாக. விடிந்தால் போர், அதற்கு முந்தைய இரவின் குளிர். முந்தைய ஆண்டுதான் ‘அண்டர் த சைன் ஆஃப் த பிளாக் மார்க்’கில் தொண்டை கிழிய அலறிய மனிதர். 1988இல் அவருக்கு வயது 22. அந்த வயதில் அடக்கி வாசிக்கத் தோன்றியதே பெரிய விஷயம்.

பிறகு ரிஃப் இறங்குகிறது. ஓடவில்லை, நடக்கிறது. வோர்ன்த் டிரம்மை அடிக்கும் அடியில் ஒவ்வொன்றுக்கும் நடுவே இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் வைக்கிங் மெட்டல் பிறந்தது என்பேன். கரகரப்பு குரலைவிட்டுப் போகவில்லை, அதே பழைய பாத்தரி கரகரப்புதான். வேகம் குறைந்ததால் சொற்கள் காதில் விழுகின்றன, வரிக்கு வரி மூச்சு எடுப்பது கேட்கிறது. முந்தைய ஆல்பங்களில் கத்தியது ஒரு பேய். இங்கே ஒரு மனிதன் கதை சொல்கிறான். பின்னால் கோரஸ் எழும்போது அவன் தனி ஆள் இல்லை என்றும் தெரிந்துவிடுகிறது.

‘என்டர் தி எட்டர்னல் ஃபயர்’ இதை ஏற்கெனவே செய்துவிட்டதே என்று ‘பிளாக் மார்க்’ கட்சிக்காரர்கள் சொல்வார்கள். நீளமும் நிதானமும் அதிலும் உண்டுதான். ஆனால் அந்தப் பாடலில் இன்னும் நரகத்தின் வாசலில்தான் நிற்கிறோம். சாத்தானும் கிறிஸ்தவம் தந்த சரக்குதானே, அதற்கு முன்னால் வடக்கில் என்ன இருந்தது என்று குவார்த்தன் தேடத் தொடங்கிய பிறகு வந்தது இந்த ஆல்பம். அட்டையில் பீட்டர் நிக்கோலாய் ஆர்போ 1872இல் வரைந்த ‘ஆஸ்கார்ட்ஸ்ரையன்’ ஓவியம்: இருண்ட வானத்தில் பாய்ந்து வரும் குதிரைக் கூட்டம். அட்டையில் பார்த்த அந்தக் குதிரைகளே முதல் பாடலில் காதில் விழுகின்றன. இவ்வளவு பொருந்திய அட்டை மெட்டலில் அபூர்வம்.

பழைய சாத்தான் முழுதாக வெளியேறவும் இல்லை. ‘த கோல்டன் வால்ஸ் ஆஃப் ஹெவன்’ பாடலின் வரிகளுடைய முதல் எழுத்துகளைக் கோத்துப் பாருங்கள், அவன் பெயர் திரும்பத் திரும்ப வரும். ‘டீஸ் ஈரே’யிலும் அதே வித்தை, அங்கே வசவு கிறிஸ்துவுக்கு. ‘பேஸ் டில் டெத்’, ‘ஹோலோகாஸ்ட்’ இரண்டும் பழைய வேகம். நடுவில் இருக்கும் இந்தப் பாடல்களைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு. தாண்டக் கூடாது. அந்த வெறி காதில் இருந்தால்தான் கடைசியில் பெயர்ப் பாடல் நிதானமாகத் தொடங்கும்போது அதன் கனம் தெரியும்.

பிறகு வந்த ‘ஹாமர்ஹார்ட்’ ஆல்பம்தான் உச்சம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 1990இல் வந்த அதில் குவார்த்தன் துணிந்து வாய்விட்டுப் பாடினார், சுருதி பிசகியும் பாடினார், அந்தப் பிசகே அழகு. ஆனாலும் அங்கே அவர் வந்து சேர்ந்துவிட்டார். எனக்குப் பிடித்தது வழியில் இருக்கும் குவார்த்தன்: ஒரே பாடலில் முணுமுணுத்து, கரகரத்து, எந்தக் குரல் தன் குரல் என்று இன்னும் முடிவு செய்யாதவர்.

எனக்கு ‘பிளட் ஃபயர் டெத்’ முதலில் கிடைத்தது பதிவின் பதிவாக ஒரு கேசட்டில். டேப் இரைச்சலும் முன்னுரையின் காற்றும் எது எதென்று பிரியாது. நாடா தீர்ந்து கடைசிப் பாடல் பாதியில் அறுந்துவிடும். அப்படியிருந்தும் அக்கூஸ்டிக் கிதார் வரும் இடத்தில் எழுந்து உட்கார்ந்தேன்.

இன்று வைக்கிங் மெட்டல் என்ற பெயரில் வருவதில் பாதி கொம்பு வைத்த தலைக்கவசமும் குடிப் பாட்டும். ‘ஃப்ராஸ்ட்’ ஆல்பக் காலத்து என்ஸ்லேவ்ட் குழுவிடம் இருந்த குளிர் இவர்களிடம் இல்லை. டிரம் ஒவ்வொன்றும் கணினியில் கட்டம் போட்டுத் திருத்தப்பட்டு, மூச்சுச் சத்தம் துடைக்கப்பட்டு வருகிறது. கேட்பவர்களும் சளைத்தவர்களில்லை, முன்னுரையை வெட்டிவிட்டு ‘ஃபைன் டே’யை மட்டும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். குதிரைகள் கடந்துபோகாமல் அந்தக் கிதாருக்கு என்ன அர்த்தம்?

இந்தப் பாடல்களை குவார்த்தன் மேடையில் பாடியதே இல்லை. எண்பதுகளின் நடுவிலேயே பாத்தரி கச்சேரிகளை நிறுத்திவிட்டது. 2004 ஜூனில், 38 வயதில், இதயம் நின்று அவர் இறந்தார். அதே ஆண்டு பெர்கனில் நார்வேயின் பிளாக் மெட்டல்காரர்கள் ஒன்றுகூடி பாத்தரி பாடல்களை வாசித்தார்கள். ஸ்வீடன்காரர் ஒருவருக்கு நார்வே செலுத்திய கடன் அது. அதற்கு அவர் முற்றிலும் உரியவர்.