கூடை சுமந்த தாயும் சீட்டுப் பிடித்த தாயும்

ஹட்டனில் ஒரு நூல் வெளியீட்டு விழா முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னர் நான் எழுதி, சஞ்சிகையொன்றில் வெளிவந்து, என் தொகுதியிலும் இடம்பெற்ற சிறுகதையொன்றின் பெயரைச் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. வாசித்தவர்களே மறந்துபோன கதை அது.

"அதுல வர்ற பொம்பள எங்க அம்மாதானே சேர்?" என்றார்.

இல்லையென்று சொல்ல முடியவில்லை. நகரத்துக் கடைவீதியில் எங்கள் வாப்பாவின் சில்லறைக்கடைக்கு, சம்பளம் கழிந்த மறுநாள் ஒரு பிள்ளையை இடுப்பிலும் மற்றொன்றைக் கையிலுமாக வந்து நிற்கும் தோட்டத்துப் பெண்ணைப் பற்றிய கதை. அவள் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள், காசு போதாது, கண் கலங்குவாள், கடைக்காரரின் மகன் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கதை அவ்வளவுதான். அக்காலத்தில் அதை மனிதாபிமானக் கதை என்று விமர்சகர் ஒருவர் பாராட்டியும் இருந்தார்.

"அம்மா அழுததே இல்லனு நான் சொல்லல சேர். ஆனா ஒங்க கடைக்கு வந்தது கடன் சொல்ல இல்ல. சீட்டுக்காசு குடுக்க. ஒங்க உம்மாவும் எங்க அம்மாவும் சேந்துதானே சீட்டுப் புடிச்சாங்க."

முந்தானை முடிச்சிலிருந்து காசு எண்ணி உம்மாவிடம் கொடுக்கப்பட்டதை நான் பார்த்தது உண்மை. கடைக்காரன் மகனாகிய எனக்கு, தோட்டத்துப் பெண் காசு கொடுத்தால் அது கடன் தீர்ப்பதாகத்தான் இருக்க முடியும். வேறு கணக்கு ஒன்று அங்கே நடந்திருக்கலாம் என்று பத்து வயதிலும் தோன்றவில்லை, முப்பது வயதில் எழுத உட்கார்ந்தபோதும் தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியதுதான். எனினும் என் கதை மட்டும் செய்த தவறல்ல இது என்பதால், கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டியிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்துத் தாயை நவீன தமிழ்ப் புனைகதைக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர் புதுமைப்பித்தன். 'துன்பக் கேணி' 1935 இல் 'மணிக்கொடி'யில் வந்தது. இலங்கைக்கு வந்தறியாத ஒருவர் எழுதிய கதை அது. ஏமாற்றி அழைத்து வரப்படும் மருதி, தோட்டத்தில் சிதைக்கப்படுகிறாள். கதையின் ஆவேசத்தை இன்றும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மருதி ஓர் அச்சாகிவிட்டாள். அதன் பின்னர் வந்த எத்தனையோ கதைகளில் தோட்டத்துத் தாய் துன்பம் இறங்கும் இடமாகவே இருக்கிறாள். துரையிடமிருந்து, கங்காணியிடமிருந்து, கணவனிடமிருந்து, மழையிலிருந்து, அட்டையிலிருந்து எல்லாம் அவள்மேல் இறங்கும். அவளிடமிருந்து எதுவும் புறப்படாது.

மலையகத்தின் உள்ளிருந்தே எழுதியவர்கள் இதை வெகுவாக மாற்றினார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்தெடுக்கும் பெண்ணின் கைவேகத்தையும் தன்மானத்தையும் முன்னுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அவள் இளம்பெண். பிள்ளை பெற்ற பிறகு அந்தக் கைவேகம் எங்கே போகிறது, எதனோடெல்லாம் பங்கு போடப்படுகிறது என்பது வேறு கதை. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்', ஒற்றைக் காம்பராவுக்குள் பிள்ளைகளோடு வாழும் பெற்றோரின் அந்தரங்கச் சிக்கலைத் தொட்டது. லயத்தின் இடநெருக்கடியை அவ்வளவு துணிவோடு வேறெவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் வந்தது. தோட்டத்துப் பெண்ணை ஒரு பெண்ணே நாவலாக்கினார் என்பதற்காகவே அதற்குத் தனி இடமுண்டு.

இடநெருக்கடி எழுதப்பட்ட அளவுக்கு நேரநெருக்கடி எழுதப்படவில்லை என்பதே என் முறைப்பாடு.

ஒரு தோட்டத்துத் தாயின் நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னே எழும்பி, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பள்ளிக்கூடம் போகிறதை வெளிக்கிடுத்தி, போகாததைப் பிள்ளைக்காம்பராவில் ஒப்படைத்து, பிரட்டுக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் கங்காணியிடம் ஏச்சு, சிலவேளை அன்றைய பேரே இல்லை. பிறகு மலை. பெயர் விழவேண்டுமென்றால் 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் ஓர் அளவு. நிறுவைக்கு மடுவத்துக்கு வந்து, கைக்குழந்தைக்காரி அந்த இடைவெளியில் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடிப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும். 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் பாலூட்டும் இடைவேளையை ஏட்டில் எழுதி வைத்திருக்கின்றன. ஏட்டிலுள்ள இடைவேளைக்கும் மலைச்சரிவில் ஏறியிறங்கும் கால்களுக்கும் உள்ள தூரத்தை ஒரு சிறுகதைகூட அளந்து நான் கண்டதில்லை. கவ்வாத்து, புல்வெட்டு என்று கணக்கு வேலைக்குப் போன ஆண்கள் பலர் பகலுக்கு மேல் லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அவளோ அந்திநிறுவை முடித்து, வழியில் விறகு பொறுக்கிக்கொண்டு வந்து, மறுபடியும் அடுப்படியில்.

இவ்வளவும் ஓரளவு தெரிந்தவைதான். குமாரி ஜயவர்த்தனவும் ராச்சேல் குரியனும் இணைந்து 2015 இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல், பெருந்தோட்டப் பெண்ணின் மேல் வர்க்கமும் ஆணாதிக்கமும் இனமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருப்பதை இரு நூற்றாண்டுப் பரப்பில் விரிவாகக் காட்டுகிறது. மனைவியின் சம்பளத்தையும் கணவன் கைநீட்டி வாங்கிய வழக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. நான் சொல்லவந்தது அதற்கு அடுத்தது. இந்த நாளுக்குள், துளி இடமுமில்லாத இந்த நாளுக்குள், அவள் ஊர்க்காரியாகவும் இருந்திருக்கிறாள். மாரியம்மன் திருவிழாவுக்கு மாவிளக்கும் பால்குடமும் அவள் ஒழுங்கு. சாவு விழுந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு அவள் பொறுப்பு. மாதர் சங்கக் கூட்டத்துக்குப் பாய் விரிப்பவளும் அவள், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றுபவளும் அவள். தொழிற்சங்க ஊர்வலத்துக்கு ஆள் சேர்ப்பது தலைவர் என்பார்கள். லயம் லயமாகப் போய்ச் சொன்னவள் யாரென்று கேட்டால் விஷயம் வெளிவரும்.

நமது கதைகளில் இவை நடக்கின்றன. ஆனால் தானாக நடக்கின்றன. திருவிழா வரும், மையம் ஊரில் எடுக்கப்படும், சங்கம் கூடும். நடத்தியவள் கதைக்கு வெளியே அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையக எழுத்தின் தொடக்க காலத்திலேயே பெயர் சொல்லும்படி நிற்கும் பெண், மேடையில் நின்றவர். கோ. நடேசய்யர் 1931 இல் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்த காலத்தில், அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் அரசியலை ஏற்றினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாட்டுப் புத்தகம் 1940 இல் வெளிவந்தது. பேச்சுக்கு முன்னர் கூட்டம் சேர்ப்பதற்கான பாட்டு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் பாட்டே பத்திரிகை. அப்படித் தொடங்கிய ஓர் இலக்கியத்தில் பெண் எப்போது மேடையிலிருந்து இறங்கி, கூடையோடு மட்டும் நிற்கத் தொடங்கினாள்? 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின்னர் ஒரு முழுச் சமூகமே நாடற்றதாக நின்றபோது, தாய் அந்த இழப்பின் குறியீடாக ஆக்கப்பட்டாள் என்று நினைக்கிறேன். 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின்னர் எழுதப்பட்ட பிரிவுக் கதைகள் அதை உறுதிப்படுத்தின. குறியீடாகிவிட்டவளுக்கு வேலை இருக்காது, நேரம் போதாமல் இருக்காது, கூட்டத்துக்குப் பிந்திப் போகமாட்டாள்.

2023 இல் மலையகத்தின் இருநூறு வருடங்களை நினைவுகூர்ந்த வேளையில் வெளியான கவிதைகளில் எத்தனை கூடை சுமந்த தாய்மார்! நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவற்றில் தாய் ஒரே மாதிரி குனிந்திருந்தாள். ஆனால் அதற்கு அடுத்த வருடமே, 2024 நவம்பர் பொதுத்தேர்தலில், நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்கள். அவர்கள் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபோது பட்டியலுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று கட்சிக்காரர் கைவிரித்ததை நாமெல்லோரும் கேட்டோம். பாய் விரித்தவர்களை அவர்களும் பார்த்திருக்கவில்லை. நம் கதைகளைப் போல.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன்.

தோட்டத்தை எழுதிய முஸ்லிம் எழுத்தாளர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நம்மில் அநேகர் மலைநாட்டு நகரங்களின் கடைவீதிகளிலிருந்து வந்தவர்கள். தோட்டம் நமக்கு மாதத்தில் இரண்டு மூன்று நாள், சம்பள நாளில், முகப்பு மேசைக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றது. நாம் பார்த்த முகம் கடன் கொப்பிக்கு முன்னால் நின்ற முகம். அந்த முகத்தைத்தான் எழுதினோம், இரக்கத்தோடு எழுதினோம். இரக்கம் பொய்யல்ல. ஆனால் மேசையின் உயரத்திலிருந்து பார்த்த இரக்கம்.

அதைவிடக் கசப்பான ஒன்று. மேசைக்கு இந்தப் பக்கத்தில், திரைக்குப் பின்னால் இருந்த நம் உம்மாமாரையும் நாம் அப்படித்தான் எழுதியிருக்கிறோம். தொழுகைப் பாயில் கையேந்தி அழும் உம்மா நம் கதைகளில் ஏராளம். சுபஹுக்கு எழும்பி ஆறு பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, ஓதப்பள்ளிக்கும் பாடசாலைக்கும் பிரித்தனுப்பி, கடைப் பொடியன்களுக்கும் சேர்த்துச் சமைத்து, நோன்பு காலத்தில் பள்ளிக் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்து, மையத்து வீடென்றால் பெண் மையத்தைக் குளிப்பாட்டப் போய், குமர்ப்பிள்ளை கலியாணமென்றால் வீடு வீடாகக் காசு சேர்த்த உம்மா எங்கே இருக்கிறாள்? என் உம்மா இத்தனையும் செய்தார். இவற்றில் ஒன்றையும் நான் எழுதவில்லை. உம்மா மௌத்தானதும் ஒரு கவிதை எழுதினேன். அதில் கண்ணீர்தான் இருந்தது, உம்மாவுடையதும் என்னுடையதும்.

இது உணர்ச்சியின் குறை மட்டுமல்ல, உருவத்தின் குறையும்கூட. நாம் பயின்ற சிறுகதை, ஒரு நெருக்கடியைத் தேடும். சாவு, வேலைநீக்கம், கப்பலேறுதல், பலாத்காரம். தாயின் நாளில் நெருக்கடி இல்லை, குறுக்கீடுதான் இருக்கிறது. பால் பொங்கும், சின்னது அழும், வாசலில் ஆள் கூப்பிடும், சீட்டுக்கு ஒருத்தி காசு தரவில்லை, பெரியதற்குக் காய்ச்சல், கங்காணி கத்துகிறான். ஒரு வேலையும் முடியாமலே எல்லா வேலையும் முடியும். இதை எழுதுவதற்கு வேறு வகை உரைநடை தேவை. தாலாட்டுக்கு இது தெரியும். பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே மாமனையும் கணக்கப்பிள்ளையையும் கூலியையும் ஒரே மூச்சில் கதைப்பது தாலாட்டு. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்து 1983 இல் நூலாக்கியபோது, ஆய்வாளர்களுக்குக் கிடைத்த அளவுக்குக் கதாசிரியர்களுக்கும் அதில் பாடம் இருந்தது. நாம் அந்தப் பாடல்களைக் கதையின் நடுவே இரண்டு வரி மேற்கோளாகப் பயன்படுத்தினோம். அவற்றின் நடையைக் கற்கவில்லை.

சீட்டு விஷயத்தை அந்த ஆசிரியையிடம் மேலும் கேட்டேன். சம்பளத்தைத் தகப்பன் வாங்கிவிடுவார் என்பதால், கைக்காசாகக் கிடைத்ததையும் காய்கறி விற்றதையும் அவரது தாயார் தோட்டத்தில் வைக்கவில்லையாம். லயத்தில் எது ஒளியும்? கடைக்காரப் பாயம்மாவின் அலுமாரியில் ஒளிந்திருக்கிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம்பளம் சமமான 1984 க்குப் பின்னர் சீட்டுத்தொகையும் கூடியதாம். தோட்டத்துப் பெண்களும் எங்கள் வீதிப் பெண்களுமாக இருபதுக்குக் குறையாதவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஆசிரியை பயிற்சிக்குப் போன செலவு அதில் வந்தது. என் தங்கையின் கலியாணத்தில் எங்கோ ஒரு பகுதியும் அதிலிருந்துதான் வந்திருக்கவேண்டும் என்று இப்போது சந்தேகிக்கிறேன், வாப்பாவுக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கதையைத் திருத்தி எழுதலாமே என்று நண்பரொருவர் சொன்னார். திருத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அச்சிலே ஏறியது அப்படியே கிடக்கட்டும். பின்னால் வருபவர் கடைக்காரன் மகன் எப்படிப் பார்த்தான் என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் சீட்டுக் கொப்பி இன்னும் இருக்கிறதாம். பெயர்களை எழுதியவர் எங்கள் உம்மா. அரபுத் தமிழில் எழுதியிருப்பதால் அந்த வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. எனினும் தாயார் எறியவில்லை. பார்க்க வரலாமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

"ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு நேரமில்ல சேர். கோயில் கூட்டம். பேரப்புள்ளைகளும் வருதுங்க. மத்த கெழமைல ஒரு நாள் கேட்டுச் சொல்றேன்."

எழுபத்தைந்து வயது. இன்னும் பதில் வரவில்லை.