மார்டென்சைட்: கோட்டுக்குத் தடிமன் இல்லையாம்

சென்னை ஐஐடியில் படித்த கௌசிக் பட்டாச்சார்யாவின் 'மைக்ரோஸ்ட்ரக்சர் ஆஃப் மார்டென்சைட்' (2003) ஒரே நிபந்தனையில் நிற்கும் புத்தகம்: எல்லையில் படிகம் கிழியக் கூடாது. ஆஸ்டெனைட்டோடு மார்டென்சைட்டின் ஒற்றை வகை பெரும்பாலும் பொருந்தாது. இரண்டு வகைகள் மெல்லிய பட்டைகளாக மாறிமாறி அடுக்கினால் சராசரியில் பொருந்திவிடும். நைட்டினால் கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்புற கதைய இவ்வளவு சுத்தமா வேற யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என் குறை அந்தச் சுத்தத்தின் மேல்தான். கோட்பாட்டின் மையத்தில் எல்லைக்குத் தடிமனும் இல்லை, ஆற்றலும் இல்லை. அப்போ பட்டைகள் எவ்வளவு மெலிந்தாலும் போதாது. நுண்ணோக்கியிலோ அவற்றுக்கு அகலம் இருக்கு. பாகூர்ப் பக்கம் பஸ்ஸில் போனா புதுச்சேரி, கடலூர், மறுபடி புதுச்சேரின்னு மாறிமாறி வரும். கோடு கூடக் கூட செக்போஸ்ட் செலவும் கூடும். இஷ்டத்துக்குப் பெருக்க முடியாது. உலோகத்திலும் அப்படித்தான். கோனும் ம்யூலரும் 1990களில் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டப்போ, ஆஸ்டெனைட் ஓரத்தில் பட்டைகள் கிளைபிரிந்தன.

ஆனாலும் வடிவியலை லேசா நினைக்க முடியல. அதே மாதிரிப் பொருத்த நிபந்தனைகளை வைத்துத் தேடிய துத்தநாகம்-தங்கம்-செம்புக் கலவை (மினசோட்டா, 2013) 16,000 சுழற்சிக்குப் பிறகும் கிட்டத்தட்ட மாறவே இல்லை.