நட்டை முடுக்கியது யார்?

ஜோசப் கொசின்ஸ்கி இயக்கி 2025 ஜூனில் வெளிவந்த ‘எஃப்1’ படத்தை அக்கா மகளோடு போய்ப் பார்த்தேன். பிராட் பிட் வயதான ஓட்டுநராக வருகிறார். கடைசி இடத்தில் கிடக்கும் அணியைத் தூக்கி நிறுத்துகிறார். இப்படிப்பட்ட கதைகள் நமக்குப் புதிதில்லை. அந்த அணியில் டயர் மாற்றும் குழுவில் ஜோடி என்றொரு பெண் இருக்கிறாள். வண்டி உள்ளே வந்து நிற்கும் ஒரு சில விநாடிகளில் அவள் ஒரு பிழை செய்கிறாள். அணிக்கு அது பாதகமாக முடிகிறது. இருட்டில் அக்கா மகள் என் பக்கம் திரும்பி, “சித்தி, நீயும் இப்படித்தான் பண்ணியா?” என்றாள்.

அவள் கேலிக்குத்தான் கேட்டாள். நான் ஒரு பருவம் முழுக்கப் பந்தய அணி ஒன்றில் வேலை செய்தவள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எந்த அணி, எந்தத் தடம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சில மாதங்கள் ஆயின. இந்தக் கட்டுரை அந்தப் பதிலுக்குப் போகும் வழி.

முதலில் படத்தைப் பற்றி. ஒரு பெண் பிழை செய்வதைக் காட்டியதற்காக அதைக் குறை சொல்ல மாட்டேன். பிட்டில் நிற்கிற யாரும் பிழை செய்வார்கள். என் புகார் எண்ணிக்கை பற்றியது. டயர் மாற்றும் அத்தனை பேர் நடுவே கதை நமக்குப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தும் பெண் ஒருத்திதான். ஆண் ஒருவன் நட்டைத் தவறவிட்டால் அது அவனுடைய பிழை. ஒரே ஒரு பெண் தவறவிட்டால் அது பெண்களின் பிழையாகிவிடுகிறது. என் அக்கா மகள் ஜோடியைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். ஆண் மெக்கானிக் ஒருவன் பிழை செய்திருந்தால் பக்கத்து இருக்கை ஆணிடம் யாராவது “நீயும் இப்படித்தானா?” என்று கேட்டிருப்பார்களா?

படத்தின் இன்னொரு பெண் கேட். அணியின் தொழில்நுட்ப இயக்குநர். முன்னால் போகும் வண்டி கலைத்துவிட்ட காற்றுக்குள்ளும் நிலைகுலையாமல் ஓடும்படி காரை மாற்றி அமைப்பவள் அவள்தான். கதையின் திருப்பமே அதில்தான் இருக்கிறது. ஆனால் அவள் என்ன கணக்குப் போட்டாள், எதைச் சோதித்தாள், எது முதலில் தோற்றது என்பதற்குப் படத்தில் நேரமில்லை. நாயகனோடு அவளுக்கு வரும் உறவுக்கு நேரம் இருக்கிறது. மூளைக்காக உள்ளே அழைக்கப்பட்டவள், மனத்துக்காக நினைவில் வைக்கப்படுகிறாள்.

நிஜத்தில் நிலைமை படத்தைவிட முன்னால் போயிருக்கிறது. படம் வந்த அதே 2025இல் ஹாஸ் அணியில் எஸ்தபான் ஓகானின் ரேஸ் இன்ஜினியராக லாரா முல்லர் வேலை செய்துகொண்டிருந்தார். ஃபார்முலா 1இல் அந்தப் பொறுப்பை முழுநேரமாக ஏற்ற முதல் பெண் அவர். ரெட் புல் அணியின் வியூகத்தை வகுக்கும் ஹன்னா ஷ்மிட்ஸ் 2019 பிரேசில் பந்தயத்தில் அணியின் கோப்பையை வாங்க மேடையேறினார். 2020 சாகிர் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே கடைசிக்குத் தள்ளப்பட்ட செர்ஜியோ பெரஸ் வென்றபோது, அந்த அணியின் வியூகத்துக்குத் தலைமை வகித்தவர் பெர்னி காலின்ஸ். வேலையை விட்ட பிறகு காலின்ஸ் எழுதிய ‘ஹவ் டு வின் எ கிராண்ட் பிரி’ என்ற புத்தகத்தைப் பெண்கள் படிக்க வேண்டும் என்பேன். ஒரு பந்தயத்தை எப்படித் தயார் செய்கிறார்கள், எந்தத் தகவலை வைத்து எந்த முடிவை எடுக்கிறார்கள் என்று வேலையை வேலையாகச் சொல்கிற புத்தகம் அது.

ஆனால் அதைப் படித்தபோது எனக்கு ஒரு ஏக்கமும் வந்தது. நான் மேலே சொன்ன பெண்கள் எல்லாரும் திரைக்கு முன் உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள். படிப்பு ஒரு கதவைத் திறந்திருக்கிறது, நல்லது. கிரீஸ் படிந்த கதவு இன்னும் சாத்தியே இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஆள் இல்லை. அங்கே நின்றவர்கள் புத்தகம் எழுதுவதில்லை.

நம் பக்கத்தைப் பார்ப்போம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்தது. அதற்கு முன் சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது. கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் தெருப் பந்தயமே நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது, காரையே ஏறிட்டுப் பார்க்காத எங்கள் ஊர்ப் பையன்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டுநர்கள் மாறி மாறித் தூங்கலாம். பிட்டில் இருப்பவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெண்கள் வந்தால் செய்தி இன்னும் சுருங்கிவிடுகிறது. தலைப்பில் ‘முதல் பெண்’ என்று இருக்கும். சென்னையின் அலிஷா அப்துல்லா முதல். 2019இல் எஃப்.ஐ.எம். பாஹாஸ் உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்ற பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸே முதல். 2017இல் எல்.ஜி.பி. ஃபார்முலா 4 பிரிவில் பெண் ஓட்டுநர்கள் மட்டுமே கொண்ட அணி வந்தபோது அதுவும் முதல். இவர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. என் கேள்வி ‘முழுக்கப் பெண்கள் அணி’ என்ற சொல்லைப் பற்றியது. நான் படித்த செய்திகளில் அது ஓட்டுநர்களை மட்டுமே குறித்தது. வண்டியின் அடியில் படுத்திருந்தவர் யார் என்று எந்தச் செய்தியும் எனக்குச் சொல்லவில்லை. அணி என்ற சொல்லுக்குள் அவர்கள் வரவில்லை.

மோட்டார் பந்தயத்துக்கு ஒரு பெருமை உண்டு. ஆண், பெண் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் ஓடலாம் என்கிற சில விளையாட்டுகளில் அது ஒன்று. பெண்கள் கூடாது என்று விதிப்புத்தகம் சொல்லவில்லை. இதை யார் பெருமையாகச் சொன்னாலும் எனக்கு எங்கள் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுதான் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை முறையை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போய் இதுதான் ஜனநாயகத்தின் தொட்டில் என்று காட்டினார்கள். அதில் தகுதிகள் உண்டு. கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் சொந்த வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். இவற்றைப் படித்த பிறகு, பெண்கள் கூடாது என்று தனியாக ஒரு வரி வெட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பது புரியும். நிலமற்றவருக்கும் அப்படியே. தகுதியே கதவு.

பந்தயத்திலும் கால் வேலி நிலம் உண்டு. ஓட்டுநருக்கு அது சின்ன வயதில் கார்ட்டிங், அதற்கான பணம், வீட்டில் ஏற்கெனவே பந்தயம் தெரிந்த ஒருவர். அலிஷாவின் அப்பா ஆர்.ஏ.அப்துல்லா தேசியச் சாம்பியனாக இருந்த பைக் பந்தய வீரர். மெக்கானிக்குக்கு அந்த நிலம் என்ன தெரியுமா? பட்டறையில் சும்மா நிற்கிற உரிமை.

எங்கள் ராஜகுளம் நெடுஞ்சாலை ஊர். சாலையோரப் பட்டறைகளில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் சும்மா நிற்பார்கள். டீ வாங்கி வருவார்கள், பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார்கள், திட்டு வாங்குவார்கள். ஐந்து வருஷத்தில் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிற்று என்று சொல்வார்கள். அதே இடத்தில் ஒரு பெண் பிள்ளை பத்து நிமிஷம் நின்றால் வீட்டுக்குத் தகவல் வந்துவிடும். நான் டிப்ளமோ படித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டேன். என்னோடு வேலை செய்த பையன் பத்தாவதைத் தாண்டாதவன், என்னைவிட நூறு மடங்கு தேர்ந்தவன். அவனுக்குப் பிறவியிலேயே வந்தது என்றார்கள். அது பிறவியில் வந்ததல்ல, நின்று கற்றது. எனக்கு நிற்க இடம் இல்லை.

பெண்களுக்குப் பலம் போதாது என்பது அடுத்த வாதம். இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சின்னக் காரின் சக்கர நட்டை ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் நீளமுள்ள டார்க் ரெஞ்சின் முனையில் 200 நியூட்டன் விசை கொடுத்தால் போதும். அதாவது இருபது கிலோ எடை. நிறைந்த தண்ணீர்க் குடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும்போது யாரும் எங்கள் பலத்தைச் சந்தேகித்ததில்லை. அளவு வந்ததும் ரெஞ்ச் ‘டக்’ என்று சொல்லிவிடும். பிடித்திருக்கும் கை யாருடையது என்று அதற்குத் தெரியாது.

இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் செல்போன் பாகங்களைப் பொருத்துகிறார்கள். மெல்லிய விரல்கள், பொறுமை, கவனம் என்று அவர்களைப் புகழ்வார்கள். இந்தப் புகழ்ச்சிக்குள் என்ன இருக்கிறது என்று டயேன் எல்சனும் ரூத் பியர்சனும் 1981இலேயே எழுதிவிட்டார்கள். வீட்டில் பழகி வந்த திறமையை இயற்கை என்று பெயரிட்டால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டபோது அந்தப் பெண்கள்தான் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வரிசையில் உட்கார்ந்து நுண்ணிய திருகைப் பொருத்தும் விரல், பிட்டில் மட்டும் எப்படி நம்பகமில்லாததாகிவிடுகிறது? கூலி குறைவான இடத்தில் விரல் கெட்டிக்கார விரல். கைதட்டல் கிடைக்கிற இடத்தில் அதே விரல் பலமற்ற விரல்.

இனி என் பருவம். காற்றழுத்தம் பார்ப்பது, எரிபொருளை அளப்பது, சுற்று நேரங்களைக் குறிப்பது, பின் இடது சக்கரம். இவை என் வேலைகள். ஒரு பயிற்சி ஓட்டத்தில் வண்டி ஆட்டத்தோடு திரும்பி வந்தது. முன் சக்கரம் ஒன்றின் நட்டு தளர்ந்திருந்தது. அது என் சக்கரம் இல்லை. ஆனால் எல்லார் முகமும் என் பக்கம் திரும்பியது. கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துக் காட்டும்வரை திரும்பியே இருந்தது. காட்டிய பிறகு யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. தளர்ந்த நட்டுக்கு உரியவனை ஒருவர் தோளில் தட்டி, “பரவாயில்ல மச்சான், பாத்துக்கலாம்” என்றார்.

இதைத்தான் நான் வெகுநாள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். கேட்பவர்கள் என் பக்கம் நிற்க இந்தக் கதை போதும். ஆனால் அந்தப் பருவத்தில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கடைசிச் சுற்றுப் பந்தயங்களில் ஒருநாள் ஒரு டயரில் நான்கு பி.எஸ்.ஐ. கூடுதலாக ஏற்றிவிட்டேன். தாளில் பக்கத்து வரியைப் படித்துவிட்டேன், அவ்வளவுதான். வண்டி தடத்துக்குப் போன பிறகு என் குறிப்பைப் பார்த்தபோது தெரிந்தது. ரேடியோ வைத்திருந்தவர் மூன்றடி தூரத்தில் நின்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வளைவில் பின்பக்கம் வழுக்குகிறது என்று ஓட்டுநர் உள்ளே வந்தார். நானே முந்திப் போய் அழுத்தத்தைச் சரிபார்ப்பதுபோல் காற்றை இறக்கினேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த வேலையில் மௌனத்தின் விலை என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் 2023 ஜனவரியில் மூத்த ஓட்டுநர் கே.இ.குமார் மோதலில் இறந்தார். அதே ஆகஸ்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பைக்கிலிருந்து விழுந்து இறந்தான். அவை வேறு காரணங்களால் நேர்ந்தவை, யாருடைய காற்றழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உயிர் போகும் இடம் அது. அங்கே பிழையை உடனே சொல்வதுதான் முதல் பாடம். “மச்சான், தப்பு என்னுது” என்று பையன்கள் கத்திச் சொல்வதை நூறு முறை கேட்டிருக்கிறேன். நான் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அது என்னோடு நிற்காது, எனக்குப் பின்னால் வரவேண்டியவளையும் வெளியே தள்ளும் என்று பயந்தேன். அந்தப் பயம் உண்மையானது. அந்த மௌனம் தவறானது. இரண்டையும் நான் மறைக்கப்போவதில்லை.

‘எஃப்1’ படத்தின் மீது என் கடைசிக் குறையும் இதுதான். ஜோடியின் பிழை எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி நடக்கிறது. தனியாக நிற்கும் பெண்ணின் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரிகிற பிழையில் இல்லை, அவள் விழுங்கிவிடும் பிழையில் இருக்கிறது. ஒருத்தியை மட்டும் உள்ளே விட்டுவிட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டும் எந்த அணியும் அவளுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுக்கிறது. எங்களுக்கு இன்னொரு ‘முதல் பெண்’ வேண்டாம். இரண்டாமவள், மூன்றாமவள், சுமாரான ஐந்தாமவள் வேண்டும். அப்போதுதான் ஒருத்தியின் நான்கு பி.எஸ்.ஐ. வெறும் நான்கு பி.எஸ்.ஐ. ஆக இருக்கும்.

போன மாதம் அக்கா மகள் வந்திருந்தாள். “அன்னைக்கு தியேட்டர்ல கேட்டியே” என்று ஆரம்பித்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பவே சொல்லியிருக்கலாம்ல சித்தி?” என்றாள்.

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். “நீ சொல்லு” என்றேன்.