ரத்து பொத்தான் (படத்திருத்த மென்பொருள்)

ரத்து பொத்தான் என்பது கணினி செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்தப் பயனருக்குத் தரப்படும் வழி. படத்திருத்த மென்பொருள்களில் இரைச்சல் நீக்கம், படங்களை இணைத்தல் போன்ற நீண்ட வேலைகளின்போது முன்னேற்றப் பட்டையின் அருகே தோன்றும். அதை அழுத்தியும் வேலை நிற்காமல் போவது பயனர்கள் பலரும் அறிந்த குறை. இது வெறும் வேகக்குறைவு அல்ல, வடிவமைப்புப் பிழை.

பின்னணி

பயன்பாட்டியல் அறிஞர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ 10 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பயனரின் கவனம் சிதறும் என்றார். தவறுதலாகத் தொடங்கியதிலிருந்து வெளியேற வழி வேண்டும் என்பது அவர் 1994-இல் தொகுத்த பத்து நெறிகளுள் ஒன்று.

காரணம்

நிரலின் ஒரே இழை கணக்கையும் செய்து, சொடுக்குகளையும் கவனிக்க நேர்ந்தால், கணக்கு முடியும் வரை சொடுக்கு வரிசையில் காத்திருக்கும். சில விநாடிகளில் விண்டோஸ் அச்சாளரத்தைப் ‘பதிலளிக்கவில்லை’ என அறிவிக்கும். பொறுமை இழந்தவர் நிரலைக் கட்டாயமாக மூடினால், சேமிக்காத திருத்தங்கள் அனைத்தும் போய்விடும்.

விமர்சனம்

ரத்தை அடிக்கடி சரிபார்த்தால் வேகம் குறையும் என்ற வாதம் நிற்காது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை அந்தியில் எடுத்த, 6000 × 4000 அளவுள்ள படத்தைக் கொள்வோம். அதில் 2.4 கோடி புள்ளிகள். ஒவ்வொன்றையும் சுற்றி 31 × 31 புள்ளிகளை நேரடி முறையில் பார்த்து இரைச்சலை நீக்கினால், ஒரு வண்ணத்துக்கே 2,306 கோடி வாசிப்புகள் தேவை. வரிக்கு ஒருமுறை ரத்தைச் சரிபார்க்க ஆவது 4,000 சோதனைகள் மட்டுமே.

உண்மையான சிக்கல், நிறுத்திய பின் பழைய படத்தை மீட்பது. மூலப்படத்தின் மேலேயே எழுதினால் பாதி மாறிய படம் மிஞ்சும். விளைவைத் தனி இடத்தில் எழுதி, முடிந்த பின் மாற்றுவதே சரி. மூன்று வண்ணங்கள், 16 பிட் கணக்கில் இதற்குக் கூடுதலாக 144 மெகாபைட் நினைவகம் வேண்டும். இன்றைய கணினிக்கு அது பெரிய சுமையல்ல. கிம்ப் மென்பொருளில் செருகுநிரல்கள் தனிச் செயல்முறைகளாக இயங்குவதால், அவற்றில் ஒன்றை நிறுத்தினாலும் முதன்மை நிரல் பிழைத்திருக்கும்.

நிறுத்தவே இயலாத கட்டத்தில் பொத்தானை மங்கலாகக் காட்டுவது நேர்மை. நிறுத்தச் சிறிது நேரமாகும் என்றால், அழுத்திய உடனே ‘நிறுத்தப்படுகிறது’ என்றாவது காட்ட வேண்டும்.

மதிப்பீடு

பொத்தேரி ரயில் நிலையத்தை அடுத்த எஸ்.ஆர்.எம். வளாகம் போன்ற இடங்களில் கணினியியல் பயிலும் மாணவர்களுக்கு இது நல்ல பாடம். பட வடிகட்டி எழுதும் பயிற்சியில் சரியான விளைவு வந்தாலே வேலை முடிந்ததாகத் தோன்றும். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சோதிக்க வேண்டும். முழு நிரலையும் எழுதிய பிறகு ரத்து வசதியைச் சேர்ப்பது கடினம். முதல் சுழற்சியை எழுதும்போதே சேர்ப்பது எளிது.