பத்து மணிக்குப் பக்கத்தில் யார்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களை விட்டு சிரம்பானின் பாரோய் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் குடியேறிய குடும்பங்களில், பெரியவர்கள் அலுத்துக்கொள்வது உண்டு: "தோட்டத்துல டிரஸர் இருந்தாரு, ஆயாக் கொட்டக இருந்துச்சி. இப்ப யாரு பாக்குறா?" இதில் பாதிதான் உண்மை. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார், காயத்துக்குக் கட்டுப் போட்டார். ஆனால் நிர்வாகம் அவரிடம் கேட்டது, இந்த ஆள் நாளைக்குப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வருவாரா என்பதைத்தான். படுத்துவிட்டவரைக் கவனிக்கும் ஏற்பாடு அது. நடமாடிக்கொண்டே நோயோடு வாழும் பிள்ளையை அது கணக்கில் எடுக்கவில்லை. தோட்டம் போன பிறகும் அந்தக் குறை போகவில்லை.

முதல் வகை நீரிழிவு வந்த எட்டு வயதுப் பிள்ளையை வைத்து இதை நிறுத்துப் பார்க்கலாம். உடலின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. மைலோ அதிகம் குடித்ததால் வந்ததல்ல, அம்மாவின் வளர்ப்பால் வந்ததுமல்ல. 1922-க்கு முன்னால் இந்த நோய் கண்ட பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்ததில்லை. இன்று ஊசி இருக்கிறது. கூடவே நாள் முழுக்க ஓயாத கணக்கும் இருக்கிறது. எவ்வளவு சாப்பிட்டான், எவ்வளவு ஓடினான், இப்போது ரத்தத்தில் எவ்வளவு?

அரசு மருத்துவமனைக்கு நல்ல மதிப்பெண் போட வேண்டும். சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனை பாரோயிலிருந்து தொலைவில்லை. குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்கும் கட்டணம் ஐந்து வெள்ளி. இன்சுலினும் அங்கேயே கிடைக்கும். உலகத்தில் பாதி நாடுகள் இதைக் கண்டு பொறாமைப்படலாம். பிறப்புப் பத்திரச் சிக்கலால் குடியுரிமை இல்லாமல் நிற்கும் பிள்ளைக்கு மட்டும் இந்தப் பாராட்டு பொருந்தாது. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. தோட்டத்து வழி வந்த குடும்பங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

ஆனால் ஊசி போடுமுன் அளவு பார்க்க வேண்டுமே! விரல் நுனியில் குத்தி ரத்தம் வைக்கும் பட்டையைப் பெரும்பாலும் குடும்பம்தான் வாங்குகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறையாவது பார்க்கச் சொல்கிறார்கள். மாதம் 180 பட்டை. ஒரு பட்டை ஒரு வெள்ளி என்று குறைத்தே போட்டாலும் 180 வெள்ளி. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். பட்டையை மிச்சம் பிடிக்கும் வீட்டில் இன்சுலின் அளவு குத்துமதிப்பாகத்தான் போகும். இலவச மருந்தின் பலனில் ஒரு பகுதி அங்கேயே வீணாகிறது.

சமூக நலத்துறையின் பக்கம் போனால், டிரஸர் காலத்துக் கேள்வி வேறு உடையில் நிற்கிறது. படுக்கையாகிவிட்ட நாள்பட்ட நோயாளியைப் பராமரிப்பவருக்கு மாதம் 500 வெள்ளி உதவி உண்டு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு ஏழு பிரிவுகள் உண்டு. நீரிழிவு அவற்றில் இல்லை. நம் பிள்ளை படுத்தும் கிடக்கவில்லை, அட்டைக்கும் உரியவனல்ல. வறுமை வரம்புக்குக் கீழே இருந்தால் பிள்ளைகள் உதவித்தொகை கிடைக்கலாம்.  அதில் பெரும்பகுதி பட்டைச் செலவுக்கே போய்விடும். கவனமாகப் பார்த்துக்கொண்டதால் எழுந்து நடக்கும் பிள்ளைக்கு, அந்த நடமாட்டமே உதவியைத் தடுக்கும் காரணமாகிவிடுகிறது.

சொந்தபந்தம் பற்றிச் சுருக்கமாக. "இனிப்பு நீருக்குப் பாகற்காச் சாறு குடு, அத்த சொல்றேன் கேளு" என்பது அன்புதான். ஆனால் அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் ஆபத்து. கோவிலில் பிள்ளைக்காகத் திரட்டும் பணமும் அன்புதான். ஆனால் ஒரு மாதம்தான் ஓடும்.

மிச்சம் இருப்பது பள்ளிக்கூடம். தராசு சாய்வது இங்கேதான். காலை பத்து மணி. உடற்கல்வி முடிந்துவிட்டது, ஓய்வு நேர மணி இன்னும் அடிக்கவில்லை. பிள்ளைக்குக் கை நடுங்குகிறது, கழுத்தில் வியர்வை, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வருகிறது. ஆசிரியருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியலாம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தனியே கழிப்பறைக்கு அனுப்பினால் அங்கே மயங்கி விழலாம். அரசுப் பள்ளிகளில் பொதுவாக நிரந்தரத் தாதி கிடையாது. அம்மா தொழிற்சாலை ஷிப்டில் இருப்பார், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பார். இரண்டாவதைத் தியாகம் என்று பாராட்டி முடித்துவிடுகிறோம். குடும்பத்துக்கு அது ஒரு சம்பள இழப்பு.

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. "நாங்கள் தாதிகள் இல்லை, ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்ற பயத்தை அலட்சியம் என்று தள்ள முடியாது. ஊசி போடும் பொறுப்பை எழுத்து மூலமான விதி இல்லாமல் அவர்கள் தலையில் கட்டுவது தவறு. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் நோயுள்ள மாணவருக்கு ஏற்பாடு செய்வதைப் பள்ளியின் கடமையாக்கியது. இந்தியாவில் சிபிஎஸ்இ வாரியம் 2017-இல் இப்பிள்ளைகள் தேர்வறைக்குத் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்தது. இரண்டிலும் ஆசிரியரின் நல்ல மனசை நம்பி விடவில்லை, தாளில் எழுதினார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதற்கோ மருத்துவப் படிப்பு தேவையில்லை. அடையாளம் தெரிய வேண்டும், கூச்சப்படாமல் வகுப்பிலேயே விரலைக் குத்திப் பார்க்கப் பிள்ளையை விட வேண்டும். அரை நாளில் கற்றுத் தரலாம்.

ஆகவே என் தீர்ப்பு: புதிய நிதி, புதிய சங்கம், மருத்துவ முகாம் எல்லாம் பிறகு. முதலில் பட்டை, இன்சுலினோடு சேர்த்து மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும். அடுத்து, அப்பிள்ளை படிக்கும் பள்ளியில் பயிற்சி பெற்ற பெரியவர்கள் இருவர். ஒருவர் விடுப்பெடுக்கும் நாளுக்காகத்தான் இரண்டாமவர். இலவச உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளை என்றால் அன்றைய தட்டில் என்ன, எத்தனை மணிக்கு என்பதும் வீட்டுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். தடுப்பூசிக்கும் பல் சோதனைக்கும் சுகாதாரத் துறை அணிகள் ஏற்கெனவே பள்ளிகளுக்கு வந்து போகின்றன. அந்த வருகைகளில் ஒன்றோடு இந்த அரை நாளைச் சேர்க்கப் புதுக் கட்டடம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.