அச்சேறிய ஸ்ரீகோசங்களும் அவற்றை விவரிக்கும் முறையும்

திருவாய்மொழிக்கு அமைந்த ஐந்து வ்யாக்யானங்களும் தம் அளவினாலேயே பெயர் பெற்றவை. திருக்குருகைப் பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி, நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படி, பெரியவாச்சான் பிள்ளையின் இருபத்துநாலாயிரப்படி, நம்பிள்ளை ஸாதித்ததை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படி, வாதிகேசரி அழகிய மணவாள ஜீயரின் பன்னீராயிரப்படி என எண்ணே பெயராயிற்று. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. ஈடு எவரிடமிருந்து எவரிடம் வந்து சேர்ந்தது என்பதையும் மணவாள மாமுனிகள் உபதேசரத்தினமாலையில் வரன்முறையாக அருளினார். ஆகவே ஒரு நூலின் அளவையும் அது வந்த வழியையும் குறித்து வைப்பது மேல்நாட்டு நூலகங்களிடம் கற்ற வித்தையன்று, ஸம்ப்ரதாயத்திலேயே உள்ளதாகும். ஓலைச்சுவடிக்குக் காட்டிய அக்கவனத்தை அச்சுப் புத்தகத்துக்குக் காட்டாமல் விட்டதே குறை.

1835-இல் மெட்காஃப் காலத்துச் சட்டத்தால் அச்சகங்களின்மீதிருந்த கட்டு நீங்கிற்று. அதன்பின் சென்னையில் சுதேசிகளின் அச்சுக்கூடங்கள் பெருகின. அந்நூற்றாண்டிலேயே அருளிச்செயல் வ்யாக்யானங்களும் ரஹஸ்ய க்ரந்தங்களும் தெலுங்கு லிபியிலும் க்ரந்த லிபியிலும் தமிழெழுத்திலும் வெளிவரலாயின. இவற்றுள் எஞ்சியவற்றை அரிதின் முயன்று சேர்ப்போர் இன்றும் உளர். ஆயினும் அவர்கள் எழுதிவைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் நூற்பெயர், ஆசிரியர் பெயர், ஆண்டு என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. இம்மூன்றால் ஒரு பதிப்பை மற்றொன்றினின்று பிரித்தறிய இயலாது.

முதலில் லிபியைக் குறிக்கவேண்டும். இதைப் புறத்தோற்றம் பற்றிய செய்தியென்று தள்ளுவது பிழை. மணிப்ரவாள வாக்யத்தில் வரும் ‘பலம்’ என்னும் சொல் தமிழெழுத்தில் மட்டும் அச்சிடப்பட்டால், பகவானுடைய ஆறு குணங்களுள் ஒன்றான பலமோ, உபாயத்துக்குப் பயனாகிய பலமோ என்பது எழுத்தால் விளங்காது. தெலுங்கிலும் க்ரந்தத்திலும் இவ்விரண்டுக்கும் முதலெழுத்தே வேறு, ஐயத்துக்கு இடமில்லை. மறுபுறம், வழங்கும் தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. திருவடியைக் குறிக்கும் ‘தாள்’ என்பதும், பணிதலைக் குறிக்கும் ‘தாழ்’ என்பதும் அங்கு மயங்கக்கூடும். ஆதலால் ஒரு லிபியில் இழந்ததை மற்றொரு லிபிப் பதிப்பே மீட்டுத் தருகிறது. ழகரத்தை அந்த அச்சுக்கூடம் எவ்வாறு காட்டிற்று, வடமொழிப் பகுதிக்கு எந்த எழுத்தைக் கொண்டது என்பவற்றைச் சொல்லாத விவரணம், பாடபேதத்தை ஆராய்வாருக்கு உதவாது.

இரண்டாவது காலம். பழைய முகப்புக்களில் பல, ஸம்வத்ஸரத்தின் பெயரை மட்டுமே தருவன. விகாரி என்றிருந்தால் அது 1839-இல் பிறந்த விகாரியுமாகலாம், 1899-இல் பிறந்ததுமாகலாம். அறுபது ஆண்டு இடைவெளியை ஊகத்தால் தாண்டுவது தகாது. 1867-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டப்படி பதிவு செய்ததாகக் குறிப்பிருந்தால் முந்தைய விகாரி கழிந்துபோம். அக்குறிப்பு இல்லாதவிடத்து எழுத்தின் வார்ப்பும் தாளும் துணையாகுமேயன்றி முடிவாகா. இன்னும், விகாரி தை மாதம் என்றிருப்பின், பிற்பட்டதற்கு நேரான ஆங்கில ஆண்டு 1900. 1899 என்று எழுதுவது பிழை. ஆகையால் முகப்பில் உள்ளதை உள்ளபடி எழுதி, கணித்த ஆண்டை அதனின்று வேறாகக் காட்டுவதே நேர்மை.

மூன்றாவது, நூலின் முன்னும் பின்னும் உள்ள ஏடுகள். பரிசோதித்தவர் யார், எந்தத் திருமாளிகை ஸ்ரீகோசங்களைக் கொண்டு பரிசோதித்தார் என்பது முகப்பிலோ முன்னுரையிலோ இருக்கும். பிழைதிருத்தம் கடைசியில் இருக்கும். மறுபதிப்புச் செய்வோர் வீண் என்று நீக்குவதும், பைண்டு செய்வோர் இழப்பதும் இவற்றையே. பிழைதிருத்தத்தைப் பாராமல் முதற்பதிப்பை அப்படியே அச்சிட்டால், பரிசோதித்தவர் தாமே கண்டு விலக்கிய பிழை மூலபாடமாக நிலைபெற்றுவிடும். பின்வருவோர் அதற்கு ஸமாதானம் தேடி, ஆசார்யர் நினையாத பொருளை அவர்மேல் ஏற்றுவர்.

பழைய பட்டியல்களை இங்கு நன்றியோடு நினைக்கவேண்டும். ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சுநூற் பட்டியல் பொருள்வாரியாக வகுக்கப்பெற்றது. பிரிட்டிஷ் மியூசியத்துத் தமிழ் நூல்களுக்குப் பார்னெட்டும் போப்பும் தொகுத்த பட்டியல் 1909-இலும், தெலுங்கு நூல்களுக்குப் பார்னெட் தொகுத்தது 1912-இலும் வெளிவந்தன. தெலுங்கு லிபியிலுள்ள மணிப்ரவாள நூலைத் தேடுவோர் ஒன்றைப் பார்த்து இல்லையென்று முடிவு கட்டாமல் இரண்டையும் பார்க்கவேண்டும். என்னென்ன நூல்கள் உள்ளன என்று காட்டுவது அவற்றின் பணி. அதை அவை செய்தன. எந்தப் பாடம், எவர் பரிசோதித்தது என்னும் கேள்வி ஸம்ப்ரதாயஸ்தர்களுடையது. அதற்கு விடையைப் பிறர் பட்டியலில் எதிர்பார்ப்பது முறையன்று.

காலம் அதிகமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலிந்த மரக்கூழ்த் தாள் தன் புளிப்பினாலேயே பழுத்து, மடித்த இடத்தில் ஒடிகிறது. முன்னூறாண்டு கண்ட ஓலை புரட்டத் தாங்கும்போது, நூறாண்டுப் புத்தகம் தாங்குவதில்லை. படம்பிடித்து வைப்பது நன்றே. ஆயினும் குறைந்த பிரதியைக் குறையென்று அறியாமல் படம்பிடித்தால், அக்குறையே முழுமையாகத் தோன்றும். எனவே படம்பிடிக்குமுன் ஏடுகளை எண்ணி, லிபி, முகப்பு வாசகம், அச்சுக்கூடம், பரிசோதித்தவர், அளவு, பக்கத்தொகை, பிழைதிருத்தம், உடன் கட்டிய நூல்கள், இல்லாத ஏடுகள், பிரதி வந்த வழி ஆகியவற்றை எழுதிவைத்தல் வேண்டும். படியை எழுத்தெழுத்தாக எண்ணிப் பெயரிட்டவர்களின் நூல்களுக்குப் பக்கங்களையேனும் எண்ணிவைப்பது பின்னுள்ளார்க்கு இயன்ற கைங்கர்யமாகும்.